சின்ன ரோல்பிளே சர்வரில் சண்டை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

இது முப்பது நாற்பது பேர் ஆடுகிற எழுத்துவழி ரோல்பிளே சர்வரை (ஆளுக்கொரு கேரக்டராகக் கதை எழுதி ஆடும் ஆன்லைன் குழுவை) நடத்தும் அட்மின்களுக்கானது. எங்களுடையது டிஸ்கார்டு என்ற அரட்டை ஆப்பில் ஓடுகிறது. கதை நடப்பது ஒரு கற்பனையான டெல்டா ஊரில். ஆடுகிறவர்களில் பாதிப்பேர் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம். மீதிப்பேர் இங்கிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போனவர்கள். பெரிய சர்வர்களில் ஒருவரை பேன் செய்தால் (வெளியேற்றித் தடை போட்டால்) விஷயம் முடிந்தது. இங்கே பேன் வாங்கியவரும் புகார் கொடுத்தவரும் மறுநாள் ஒரே டவுன் பஸ்ஸில் ஏறுவார்கள்; அடுத்த முகூர்த்தத்தில் ஒரே பந்தியில் எதிரெதிரே உட்காருவார்கள். அதனால் பேனைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, செலவில்லாத காரணங்களை முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

உங்கள் சர்வரில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

எந்தச் சண்டையானாலும் முதலில்

ஆளை அடக்காமல் சேனலை அடக்குங்கள். ஸ்லோமோடை 15 நிமிடத்தில் வைத்தால் ஒருவர் கால் மணிக்கு ஒரு பதிவுதான் போட முடியும். ஒருவரை மட்டும் மியூட் செய்தால், என்ன நடந்ததென்று தெரியாதவர்கள்கூட அவர்மேல்தான் தப்பு என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

எதையும் அழிக்காதீர்கள். டிஸ்கார்டுக்கு ரிப்போர்ட் அனுப்ப அந்தப் பதிவு அங்கே இருந்தாக வேண்டும். யாருடைய போன் நம்பராவது வெளியே வந்துவிட்டால் சேனலையே மற்றவர் கண்ணில் படாமல் மறைத்துவிட்டு நிதானமாகப் பாருங்கள். யார் எதை மாற்றினார், அழித்தார் என்று டிஸ்கார்டு குறித்துவைக்கும் ஆடிட் லாக் 45 நாள்தான் நிற்கும். மாட் (சேனல்களைக் கவனிக்கும் மாடரேட்டர்) ஒருவர் பிறர் பதிவை அழித்தால் அதில் தெரியும். தன் பதிவைத் தானே அழித்துக்கொண்டவர் தெரியமாட்டார். ஒருவரை பேன் செய்யும்போது "பழைய பதிவுகளையும் அழிக்கவா" என்று கேட்கும். வேண்டாம் என்றே தேர்ந்தெடுங்கள்.

பஞ்சாயத்து கூட்டாதீர்கள். நம் பக்கத்தில் புத்தி தானாக அங்கேதான் போகும். "எல்லாரும் வாய்ஸ் சேனலுக்கு வாங்க, பேசித் தீர்த்துக்கலாம்" என்று கூப்பிட்டால் இரண்டு பேர் சண்டைக்குப் பன்னிரண்டு பேர் வருவார்கள். சபை கூடிய பிறகு யாரும் இறங்கி வரமாட்டார்கள். இறங்கினால் நாளைக்குக் கடைத்தெருவில் சொல்லிக் காட்டுவார்கள் என்ற பயம். இருவரிடமும் தனித்தனியாக, எழுத்தில் பேசுங்கள்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "கோபம் உங்க கேரக்டருக்கா, உங்களுக்கா?" கேரக்டருக்கு என்றால் அது கதை, ஓடட்டும். தனக்கு என்றால் கீழே பாருங்கள்.

அறிகுறி: கதைச் சேனலில் அடைப்புக்குறிப் பேச்சு நீண்டுகொண்டே போகிறது

கதைக்கு வெளியே பேசுவதை இரட்டை அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கம். ஒன்றிரண்டு வரி வந்து போவது சாதாரணம். கதை வரிகளைவிட அடைப்புக்குறி வரிகள் கூடிவிட்டால் ஏதோ சிக்கியிருக்கிறது.

*கரண்ட், நெட், நேரம்.* இதுதான் அடிக்கடி வருவது. சண்டைக் காட்சியின் நடுவில் ஒருவர் காணாமல் போகிறார். எதிராளி காத்துப் பார்த்துவிட்டு அவர் தோற்றதாக எழுதிவிடுகிறார். இவர் திரும்பி வந்து கொதிக்கிறார். இரண்டு பதிவுகளுக்கும் உள்ள நேர இடைவெளியைப் பாருங்கள். காணாமல் போனவர் சிங்கப்பூரில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். மன்னார்குடியில் இரவு 10 மணி என்றால் அங்கே 12.30, தூங்கப் போயிருப்பார். இதற்கு ஒரு விதி போதும்: ஆள் இல்லாதபோது அவர் கேரக்டர் சாகாது, தோற்காது, சொத்தை இழக்காது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பதில் போடும் கெடுவை இரட்டிப்பாக்கிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கதைக் காலத்தையே நிறுத்துங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களில் கரண்ட் திரும்பி வர எத்தனை நாள் ஆனது என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

*மரியாதை.* கதைக்குள் "அடேய்" போட்டவர் அடைப்புக்குறிக்குள்ளும் "டா" போட்டிருப்பார். எதிரே ஆடுகிறவர் ஓய்வுபெற்ற வாத்தியார். கதைக்கு வெளியே எல்லாரும் எல்லாரையும் "நீங்க" என்றுதான் கூப்பிட வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் பாதிச் சத்தம் அடங்கும். சார், அண்ணா, அக்கா எல்லாம் அவரவர் விருப்பம்.

*காட்மோட்.* அதாவது அடுத்தவர் கேரக்டருக்கு என்ன ஆனது என்பதையும் தானே எழுதிவிடுவது. எங்கள் ஊரில் தலைமடை, கடைமடைத் தண்ணீர்த் தகராறு கதையின் உயிர்நாடி என்பதால் இது மதகடியில்தான் நடக்கும். தலைமடைக்காரர் எழுதுகிறார்: "பலகையை இறக்கிவிட்டேன். உன் வாய்க்கால் வறண்டது. நீ தலைகுனிந்து திரும்பிப் போனாய்." முதல் வாக்கியம் அவர் செய்வது, செய்ய முயல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது அதன் விளைவு, அதைப் பகடையோ கதைநடத்துபவரோ சொல்ல வேண்டும். மூன்றாவது அவர் கைவைக்கவே கூடாத இடம். தலைகுனிவதா, மண்வெட்டியை ஓங்குவதா என்பது கடைமடைக்காரர் எழுதிக்கொள்ள வேண்டியது.

சரிசெய்யும்போது யார் தப்பு என்று சேனலில் எழுதாதீர்கள். கதை இப்போது எங்கே நிற்கிறது என்று மட்டும் எழுதுங்கள்: "மதகுக் காட்சியில் கடைசிப் பதிவு கணக்கில் இல்லை. பலகை பாதியில் நிற்கிறது. இருவரும் பகடை போட்டுவிட்டு அங்கிருந்து தொடருங்கள்." அவ்வளவுதான். கதையைப் பின்னால் இழுப்பதும் முடிந்தவரை குறைவாக இருக்கட்டும். ஒரு பதிவைக் கணக்கில் எடுக்காவிட்டால் போதும் என்கிற இடத்தில் ஒரு வாரத்துக் கதையைச் செல்லாது என்று அறிவித்தால், சண்டையில் இல்லாதவர்களும் சண்டைக்கு வந்துவிடுவார்கள். காட்மோட் ஏன் தப்பு என்பதைச் செய்தவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

*விதியே இல்லை.* இருவருமே யோக்கியமாகத்தான் ஆடியிருக்கிறார்கள், நீங்கள்தான் எழுதிவைக்கவில்லை என்றால் அந்தக் காட்சிக்கு மட்டும் ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுங்கள். அதே தகராறு இரண்டாம் முறை வந்தால் விதியாக எழுதலாம். ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு விதி எழுதினால் கடைசியில் யாரும் படிக்காத ஒரு விதிப்புத்தகம்தான் மிஞ்சும்.

தீர்ப்புக்குப் பிறகும் அடைப்புக்குறி ஓயவில்லை என்றால் பிரச்சினை இந்தக் காட்சியில் இல்லை. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: "என்னையே குறிவைச்சு அடிக்கிறாங்க"

இந்தப் புகார் வந்ததும் எதிர்த்தரப்பைக் கேட்காதீர்கள். முதலில் சேனலின் பழைய பதிவுகளை எடுத்துக் கடந்த ஒரு மாதத்துக் காட்சிகளை ஒரு தாளில் எழுதுங்கள்: காட்சியை யார் தொடங்கினார், யார் பின்னால் வந்து சேர்ந்தார், யாருக்கு நஷ்டம். புகார் சொல்பவர் நினைப்பதும் தாளில் இருப்பதும் பல சமயம் ஒத்துப்போகாது.

தாளில் எதிராளி எல்லாரையும் அடிக்கிறார் என்றால் அது ஆடும் பாணி. முரட்டு வில்லனாக ஆடுபவர் கதைக்கு வேண்டும்தான். எத்தனை நாளுக்கு ஒருமுறை, யாருடைய சம்மதத்தோடு என்று அவரோடு பேசி வரம்பு கட்டினால் போதும்.

ஒரே ஆளின் பின்னால்தான் போகிறார் என்றால், எப்படித் தெரிந்து போகிறார் என்று பாருங்கள். கோயில் கணக்கர் அரசமரப் பொந்தில் ஓலையை ஒளித்தது அந்தச் சேனலில் இருந்த மூவருக்குத்தான் தெரியும். மறுநாள் காவல்காரர் நேராகப் பொந்துக்கு வருகிறார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி: "உங்க கேரக்டருக்கு இது எந்தப் பதிவில் தெரிந்தது? லிங்க் அனுப்புங்க." பாதி நேரம் அவர் கெட்ட எண்ணமே இல்லாமல், ஆடுகிறவராகப் படித்ததைக் கேரக்டரும் படித்ததாக நினைத்திருப்பார். ரகசியக் காட்சிகளைத் தனித் த்ரெட்டுக்கு (சேனலுக்குள் தனியாகத் திறக்கும் உரையாடலுக்கு) மாற்றினால் இது நின்றுவிடும். லிங்க் இல்லை, ஆனால் மூன்று பேர் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள் என்றால் பின்னால் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதை நீங்கள் மூட முடியாது. கதைக்குள் காரணம் காட்ட முடியாத வரவு செல்லாது என்று மட்டும் சொல்லிவிடலாம்.

கடைசிக் காரணம் வெளியே இருக்கும்: ஒரே கல்லூரி, கொடுத்த கடன், முறிந்த காதல், இரண்டு வீட்டுக்கும் இடையே எப்போதோ வந்த வரப்புத் தகராறு. இதை விசாரிக்க நீங்கள் ஆள் கிடையாது. இருவரும் ஒரே காட்சியில் வரக் கூடாது என்று ஒரு மாதத்துக்குப் பிரித்து வையுங்கள். இடத்தைவிட்டு நகர வேண்டியவர் துரத்துகிறவர்தான். "நீங்க கொஞ்ச நாள் சந்தைச் சேனலுக்கு வராதீங்க" என்று புகார் கொடுத்தவரிடம் சொல்வது சுலபம். அவர்தான் கேட்டுக்கொள்ளும் ஆள் என்பதால். அதைச் செய்யாதீர்கள்.

அறிகுறி: இன்பாக்ஸில் ஸ்கிரீன்ஷாட் கொட்டுகிறது

ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பதிலாகப் பதிவின் லிங்க் கேளுங்கள். லிங்க் வழியாகப் போனால் மேலும் கீழும் பத்துப் பதிவு படிக்கலாம். சண்டையின் தொடக்கம் வெட்டப்பட்ட பகுதியில்தான் இருக்கும். பதிவுக்குப் பக்கத்தில் திருத்தப்பட்டது என்ற குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டிஎம்மில் (இருவருக்குள் நடக்கும் தனிச்செய்தியில்) நடந்தது என்றால் உங்களால் பார்க்க முடியாது. அனுப்புகிறவர் சம்மதித்தால் ஸ்கிரீன் ஷேரில் அவரே மேலிருந்து கீழே உருட்டிக் காட்டட்டும். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அவர் சொல்வது பொய் என்று அதற்கு அர்த்தமில்லை. அதை மட்டும் வைத்துத் தண்டனை கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

அறிகுறி: "மாட் அவங்க ஆளு"

டெல்டாவில் சர்வர் நடத்தினால் இந்தப் புகார் வராமல் இருக்காது. பல சமயம் உண்மையும்கூட. மாட் எதிர்த்தரப்புக்கு மச்சானாகவோ சித்தப்பா பையனாகவோ இருப்பார். உறவை மறைக்காமல் சொல்லிவிட்டு ஒதுங்குவதுதான் மலிவான வழி. தன் கேரக்டர் இருக்கும் காட்சியிலும் தன் உறவுக்காரர் இருக்கும் காட்சியிலும் மாட் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அடுத்ததாக, தீர்ப்புப் பதிவேடு ஒன்று வையுங்கள். தேதி, காட்சி, முடிவு போதும்; பெயர் வேண்டாம். "அவருக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா" என்று கேட்கிறவரை அதைப் படிக்கச் சொல்லலாம். படித்த பிறகும் அவர் சொல்வது சரியாகத் தெரிந்தால் மாட்டை மாற்றுங்கள். அதற்கும் மேலே போனால் டெல்டாவோடு சம்பந்தமே இல்லாத ஒருவரை, கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ ரோல்பிளே சர்வர் நடத்தும் ஒருவரை, ஒரு வழக்குக்கு மட்டும் நடுவராகக் கேளுங்கள். சம்பந்தமில்லாதவர் பத்து நிமிடத்தில் பார்ப்பதை நாம் பத்து நாளாகப் பார்க்காமல் இருந்திருப்போம்.

அறிகுறி: பேன் ஆனவர் வேறு பெயரில் வந்துவிட்டார் போலிருக்கிறது

டிஸ்கார்டில் ஐபி முகவரி உங்களுக்குத் தெரியாது. சொந்த மட் (எழுத்தாலேயே ஆடும் ஆன்லைன் ஆட்டம்) சர்வரோ பிரவுசர் ஆட்டமோ நடத்துகிறவர்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் அதை நம்பித் தீர்ப்பெழுதக் கூடாது. மொபைல் நெட்டில் நிறையப் பேர் ஒரே ஐபிக்குப் பின்னால் இருப்பார்கள். ஹாஸ்டல் வைஃபையும் அப்படித்தான். ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் ஆடுவார்கள். எழுத்துப் பிழை, இரண்டு புள்ளி வைத்து முடிக்கும் பழக்கம், எந்நேரம் வருகிறார் என்பதெல்லாம் சந்தேகத்துக்கு உதவும், ஆதாரம் ஆகாது.

என் வழி இது: அவர்தானா என்று கேட்பதில்லை. புதிய கணக்கு ஒழுங்காக ஆடினால் இருந்துவிட்டுப் போகட்டும். பழைய வேலையைத் தொடங்கினால் அந்த வேலைக்காகவே வெளியே போவார். இரண்டு விதிவிலக்கு உண்டு. மிரட்டலுக்காகவோ பாலியல் தொந்தரவுக்காகவோ வெளியேற்றப்பட்டவர் என்ற சந்தேகம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவரிடம் அன்றே சொல்லிவிட்டுப் புதிய கணக்கை நிறுத்தி வையுங்கள்.

அறிகுறி: நன்றாக ஆடிக்கொண்டிருந்தவரைக் காணோம்

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிட்டால் வயல் வைத்திருப்பவர்கள் குறுவை வேலைக்குப் போய்விடுவார்கள். தை மாதம் சம்பா அறுவடை. நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர். இவை எதுவும் இல்லையென்றால் ஒரு வரி விசாரியுங்கள், காரணம் கேட்காமல்: "சௌக்கியமா? உங்க படகுக்காரர் இன்னும் துறையில்தான் நிக்கிறார்." பதிலில் "இனிமே வர்ற மாதிரி இல்ல" என்று வந்தால் அது வெளியே தெரியாத சண்டை, குறிவைத்தல் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: சாதிப் பெயர் வந்துவிட்டது

"என் கேரக்டர்தான் சொல்லுச்சு, நான் சொல்லல" என்பார். ஏற்காதீர்கள். கற்பனை ஊருக்குக் கற்பனைக் குலங்களை வைத்துக்கொள்ளலாம். நிஜச் சாதிப் பெயர் வசையாகவோ பெருமையாகவோ வரக் கூடாது என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். வீரவசனமாகத் தொடங்கும் பெருமைதான் இரண்டாவது வாரம் வசையாகத் திரும்பும்.

பதிவுகளைத் தானாகக் கண்காணிக்கும் டிஸ்கார்டின் ஆட்டோமாடில் சொல் பட்டியல் போடுவது உதவும், ஓரளவுக்கு. தமிழ் எழுத்தில் போட்டால் ஆங்கில எழுத்தில் தட்டுவது தப்பிவிடும். அதற்கு ஆளுக்கொரு ஸ்பெல்லிங். அப்பாவி ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் மாட்டிக்கொள்ளும். அதனால் தானாக அழிக்கும்படி வைக்காமல், மாட்களுக்கு எச்சரிக்கை வரும்படி மட்டும் வையுங்கள்.

வாய்தவறி வந்தது என்றால் ஒரு நாள் டைம் அவுட் (தற்காலிகப் பேச்சுத் தடை), தனிப்பட்ட எச்சரிக்கை. ஒரு ஆளை நோக்கிச் சொன்னது என்றால் பேன், அங்கே பேச்சுவார்த்தை இல்லை. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொதுவில் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது பாதிக்கப்பட்டவரின் முடிவு. "சர்வர் பேர் கெட்டுடும், விட்டுடுங்க" என்று அட்மின் போய்க் கேட்கக் கூடாது. ராசி பண்ணி வைக்கவும் கூடாது.

அறிகுறி: ஒரு காட்சி யாரையோ உறுத்துகிறது, அல்லது டிஎம் தொந்தரவு

காதல், சித்திரவதை, சாவு வரும் காட்சிகளில் ஒருவர் பதில்கள் திடீரெனச் சுருங்கும். "ம்", "சரி" என்று ஒற்றைச் சொல்லாக வரும். அப்போதே நிறுத்துங்கள். மேசையைச் சுற்றி ஆடும் ரோல்பிளேயில் எக்ஸ் கார்டு என்று ஒரு பழக்கம் உண்டு: அதைத் தொட்டால் காரணம் சொல்லாமலே காட்சி நிற்கும். எழுத்துவழி ஆட்டத்துக்கு ஒரு எமோஜியை அப்படி ஒதுக்கிவிடுங்கள். அது விழுந்தால் திரை இறங்கி மறுநாள் காலையில் கதை தொடங்கும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

சர்வரில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இருந்தால் காதல் காட்சிகளைப் பெரியவர்களுக்கான சேனலுக்கு மாற்றி, அங்கே அவர்கள் நுழையாமல் பூட்டுங்கள். டிஸ்கார்டில் 13 வயதிலேயே கணக்கு தொடங்கலாம். வயதைக் கேட்டு வைத்துக்கொள்வது உங்கள் வேலை.

"ஆட்டத்தைப் பத்திப் பேசணும்" என்று தொடங்கி டிஎம்மில் போட்டோ கேட்பது, வீடு எங்கே என்று விசாரிப்பது, பதில் போடாவிட்டால் கதையில் பழிவாங்குவது: இதில் விசாரணை நீளக் கூடாது. பாதிக்கப்பட்டவர் காட்டியதைப் பார்த்துவிட்டு அன்றே வெளியேற்றுங்கள்.

*அட்மின் வேலை முடிந்து மற்றவர்களைக் கூப்பிட வேண்டிய இடங்கள்:*

மிரட்டல், பின்தொடர்தல், மார்பிங் செய்த படம். தேசிய சைபர் கிரைம் புகார் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்கலாம். கூடப் போக ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பெண்கள் உதவிக்கு 181. மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்கச் சான்றிதழ் தேவைப்படும், எனவே பதிவுகள் இருக்கும் போனையும் கணக்கையும் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

குழந்தைகள்மீது பாலியல் குற்றம். 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அட்மினுக்கும் இது பொருந்தும். உதவி எண் 1098. குழந்தையின் ஆபாசப் படம் இருந்தால் ஆதாரத்துக்கு என்றுகூட டவுன்லோடு செய்யாதீர்கள், மாட் குழுவில் பகிராதீர்கள். அதைச் சேமிப்பதே குற்றம். லிங்கையும் கணக்கின் எண்ணையும் மட்டும் குறித்துக் கொடுங்கள்.

தற்கொலைப் பேச்சு. கேரக்டரின் வசனமா, எழுதுகிறவரின் மனசா என்று சந்தேகம் வந்தால் எழுதுகிறவருடையது என்றே எடுத்துக்கொண்டு நேராகக் கேளுங்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்த நேரமும் எடுக்கும், தமிழிலும் பேசலாம். ஊர் தெரிந்தால் வீட்டில் ஒருவருக்குத் தகவல் போக வேண்டும்.

அறிகுறி: காசு விவகாரம்

ஆட்டப் பொருளையோ கேரக்டரையோ ஜிபேயில் விற்று ஒருவர் ஏமாந்துவிட்டார். சர்வரில் நிஜப் பண வியாபாரத்துக்குத் தடை போடுங்கள். போன காசை நீங்கள் மீட்டுத்தர முடியாது. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் செய்யச் சொல்லுங்கள். நேரம் போகப் போகப் பணம் கைமாறிவிடும். சந்தா வசூலிப்பவரானால் கணக்கை மாதாமாதம் எல்லாருக்கும் காட்டுங்கள்.

அறிகுறி: தடை முடிந்து ஒருவர் திரும்புகிறார், சர்வர் இறுக்கமாகிறது

அவர் வரும் நாளைப் புகார் கொடுத்தவரிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லுங்கள். அன்று வரவேற்பு அறிவிப்பு வேண்டாம், மன்னிப்புக் கடிதத்தைப் பொதுவில் போடச் சொல்லவும் வேண்டாம். கேரக்டர் இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்பதற்குக் கதையில் ஒரு காரணம் கொடுங்கள். கொள்ளிடத்துக்கு அக்கரையில் அக்கா வீட்டில் இருந்தார் என்றால் போதும். முதல் காட்சியைச் சண்டையில் எந்தப் பக்கமும் நிற்காத ஒருவரோடு அமையுங்கள். பழைய விஷயத்தைச் சாடைமாடையாகக் குத்துகிறவருக்கு எச்சரிக்கை போகட்டும், அவர் யாருடைய நண்பராக இருந்தாலும். காட்சி தொடங்கும் உரிமையை முதல் வாரமே கொடுத்துவிடலாம். தனித் த்ரெட் திறக்கும் உரிமைக்கு இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள்.